நிலாப் படத்தில் மூன்று வெளிச்சம்

மக்பூல் மஸ்கெலியா கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பொல்லாத ரோஷக்காரர். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் உயிரோடிருக்கும்போது படம் எடுத்துக்கொள்வது அபூர்வம். யாராவது செத்தால்தான் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். கெமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைச்சரிவு வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக ஏறுவார்.

அப்படித்தான் வேலாயியின் மூன்று வயது மகள் காய்ச்சலில் போனபோது, பிள்ளையைத் தாய் மடியில் வைத்து, வாசல் வெயிலில் படம் பிடித்தார். பிரதியில் குழந்தையின் தலைக்கு மேல் மூன்று வெளிச்சப் புள்ளிகள். எப்படி வந்தன என்று அவருக்கே விளங்கவில்லை. கஞ்சி கூடக் குடிக்காமல் அழுது கிடந்த வேலாயியிடம், "புள்ள வெளிச்சமா நிக்கிறா, பாருங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அவள் படத்தைச் சாமி படங்களோடு மாட்டினாள். மறுநாள் சாப்பிட்டாள், அடுத்த வாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள்.

ரஷ்யாக்காரன் சந்திரனுக்கு ராக்கெட் விட்ட வருஷம் அது. மலை முகட்டில் எழும்பிய அந்தி நிலாவை மக்பூல் ஆசைக்கு ஒரு படம் எடுத்தார். அதிலும் நிலாவை ஒட்டி மூன்று வெளிச்சங்கள். ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியதும் கூட்டம் கூடியது. ராக்கெட் விளக்கு என்றார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் செல்லசாமி மட்டும், கெமராவில்தான் ஓட்டை, வெளிச்சம் கசிகிறது என்றார். மக்பூல் ஊரை ஏமாற்றுகிறார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மக்பூலுக்குப் பொறுக்கவில்லை. லென்ஸை மூடியபடியே கெமராவை வெயிலில் வைத்து ஒரு படம் பதித்தார். கழுவிப் பிரதி போட்டால், கன்னங்கரேலென்ற படத்தில் அதே மூன்று புள்ளிகள், அதே இடத்தில். வேலாயியின் முகம் நினைவுக்கு வந்தது. பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு கடைத்தெருவில் நடக்க அவரால் முடியாது. கறுப்புப் படத்தையும் நிலாவுக்குப் பக்கத்தில் மாட்டி, கோளாறு கெமராவில்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். செல்லசாமியே வந்து கைகொடுத்தார். இந்தப் பேச்சு வேலாயி இருக்கும் மேட்டு லயம்வரை போகாது என்று மக்பூல் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார், பாவி மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை வேலாயி வந்தாள். படத்தை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஓட்டைன்னு பேசிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க, மக்பூல் நானா. நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

"ஒங்க மகதான், வேலாயி" என்றார் மக்பூல். இந்தத் தடவை தெரிந்தே சொன்னார்.

அவள் தலையாட்டினாள். போகத் திரும்பியவள் கண்ணாடிப் பெட்டி முன் நின்றாள். மகளின் படத்தைக் கறுப்புப் படத்தோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப இந்த இருட்டுலயும் அவதான் நிக்கிறாளா?" என்று கேட்டாள்.