மஞ்சள் பூசிய பல்பு

மதுரை வெயிலில் காருக்கு ஃபாக் லைட் எதற்கு என்று கேட்பீர்கள். வருஷத்தில் பத்து மாதம் அதற்கு வேலையே கிடையாது. பம்பரில் இரண்டு வட்ட விளக்குகளை அழகுக்கு மாட்டி, அதற்கு ரெக்சினில் மூடியும் தைத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் கார்த்திகை பிறந்து, சபரிமலைக்கு மாலை போட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. விடியற்காலையில் குமுளி மலைப்பாதையில் மூடுபனி இறங்கும். வெள்ளை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் கூச வைக்கும், மஞ்சளாக இருந்தால் ரோட்டோரமாவது தெரியும் என்பது டிரைவர்களின் அனுபவம். அதனால் அந்த இரண்டு மாதமும் நான் வேலை பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மஞ்சள் பல்பு கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. கவுண்டரில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது வேலை, வாய் ஓயாமல் பேசுவது குணம். பி.எஸ்சி. பௌதிகம் படித்துவிட்டு பல்பு விற்கிறோமே என்ற வயிற்றெரிச்சல் வேறு. கடைக்கு வருகிறவர்களைக் கிண்டல் செய்துதான் அதை ஆற்றிக்கொண்டேன். கூட வேலை பார்த்த இரண்டு பேரும் நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் திருமங்கலத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, செருப்பில்லாத கால். கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்ததைக் கவுண்டரில் வைத்துப் பக்குவமாகப் பிரித்தார். உள்ளே மஞ்சள் பல்பு ஒன்று, இழை அறுந்து கிடந்தது.

“சாமி, இதே மாதிரி ரெண்டு வேணும். ஒண்ணுதான் போச்சு. ஆனா ஜோடியா மாத்திட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரியும்ல. நாளக் கழிச்சு ஆளுகள ஏத்திட்டு மலைக்குப் போறேன்,” என்றார்.

மாலை போட்டவர்கள் எதிரே நிற்பவர் யாரானாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அவர்களைச் சாமி என்போம். மாலை கழுத்தில் கிடக்கும்வரை கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் ஒன்றுகூட வாயில் வரக் கூடாது. அவர்களைக் கேலி செய்வது சுலபம் என்பதை அந்த வயதில் நான் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தேன்.

மஞ்சள் பல்பு எங்களிடம் தீர்ந்துவிட்டது. மூன்று கடை தள்ளி இன்னொருவரிடம் இருந்தது, எனக்குத் தெரியும். வந்த ஆளைப் பக்கத்துக் கடைக்குக் கைகாட்டக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். வெள்ளைப் பல்பு இரண்டை எடுத்து வைத்தேன். அவர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“வெள்ளையால்ல இருக்கு. மலையில ஆகாதே சாமி.”

“அதனால என்ன சாமி? வீட்டுல மஞ்சள் இல்லையா? நல்லா உரசிப் பல்பு மேல பூசுங்க. காஞ்சதும் மாட்டுங்க. பெறகு மஞ்சளாத்தான எரியும்?”

மற்ற இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

“கெழங்கு மஞ்சளா, தூளா சாமி?”

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பே இல்லாமல், “கெழங்குதான். தூள்னா உதிர்ந்துரும்,” என்றேன். “அவரு பௌதிகம் படிச்சவரு சாமி, சரியாத்தான் சொல்லுவாரு,” என்று கூட இருந்தவன் ஒத்து ஊதினான். அவர் என்னை மரியாதையாக ஒரு பார்வை பார்த்தார். இரண்டு வெள்ளைப் பல்பையும் அதே கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, “வாரேன் சாமி,” என்று போனார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

வீட்டுக்குப் போனதும் அவருடைய மனைவியே இது கிண்டல் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

தை மாதம் அவர் திரும்ப வந்தார். மாலையைக் கழற்றியிருந்தார், வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலமும் அரவணைப் பாயசமும் எடுத்து நீட்டினார்.

“உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன் தம்பி,” என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். மலை ஏறத் தொடங்கும்வரை பல்பு அழகாக மஞ்சளாகவே எரிந்ததாம். பாதி மலையில், பனி அடர்த்தியாக இறங்கிய இடத்தில், காருக்குள் மஞ்சள் கருகும் வாசனை. பூசியது சூட்டில் கரியாகிவிட்டது. ஒன்று அணைந்துபோனது, ஒன்று வெடித்தே விட்டது. ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். காரில் வந்த சாமிகளில் இரண்டு பேர் இறங்கி, தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அந்தத் துண்டைப் பார்த்து இவர் ஓட்டினார். எதிரே வந்த லாரி அதில் ஒருவரை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

“நூலெழையில தப்பிச்சாரு. என் மச்சினன்தான். தங்கச்சியக் குடுத்த வீடு. என்ன பதில் சொல்லியிருப்பேன்?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “தப்பு என்னோடதுதான் தம்பி. எம்புட்டுப் பூசணும்னு உங்ககிட்டக் கேக்காமப் போயிட்டேன். பனிக்குப் பயந்து கனமா அப்பிட்டேன். எம்புட்டுப் பூசணும்?”

கூட இருந்த இருவரும் என்னையே பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த சொல் வேறு.

“லேசா பூசணும்ணே. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம.”

“அதான பாத்தேன்,” என்று நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். முதல் பொய்க்காவது விளையாட்டு என்ற சாக்கு இருந்தது. இதற்கு எந்தச் சாக்கும் இல்லை. அரவணையை நான் தொடவில்லை, மற்ற இருவரும் தின்றார்கள்.

அடுத்த கார்த்திகையில், கறுப்பு வேட்டி கட்டிய இளவட்டம் ஒருவர் வந்து ஃபாக் லைட்டுக்கு வெள்ளைப் பல்பு ரெண்டு கேட்டார். மஞ்சளே இருக்கிறதே, இந்த வருஷம் நிறைய வந்திருக்கிறது என்றேன்.

“வேணாம் சாமி. வெள்ளைய வாங்கி மஞ்சளை லேசாப் பூசுனாப் போதுமாம். எங்க செட்டுல நாலு வண்டிக்கும் அப்படித்தான் செய்யப் போறோம்.”

நாலு வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கப்போகிறவர்கள் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

“அது பொய் சாமி. பூசாதீங்க. எம்புட்டு லேசாப் பூசுனாலும் கருகிரும்.”

அவர் முகம் சுருங்கியது. “எங்க குருசாமி சொன்னது சாமி. திருமங்கலத்துக்காரரு. அவரு பொய் சொல்ல மாட்டாரே.”

“அவரு சொல்லல. நான் சொன்னது. விளையாட்டுக்குச் சொன்னேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப அதை நீங்களே அவர்கிட்டச் சொல்லிருங்க. வெளியில கார்லதான் இருக்காரு,” என்றார்.

கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். கடையிலிருந்து ரோட்டுக்குப் பத்தடிகூட இராது. அவர் கார் கதவைத் திறந்து வைத்து, சீட்டில் உட்கார்ந்தபடி காலைத் தரையில் ஊன்றியிருந்தார். மாலை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “சாமி சரணம்,” என்று கை கூப்பினார்.

சொன்னேன். மஞ்சள் கிண்டல் என்பதை, பக்கத்துக் கடையில் அன்றைக்கே மஞ்சள் பல்பு இருந்ததை, தை மாதம் வந்து கேட்டபோது மறுபடியும் பொய் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். கூப்பிய கை மெல்லப் பிரிந்து மடிக்குப் போனது. தாடை மட்டும் அசைந்தது.

“வண்டிக்கு ரெண்டா, நாலு வண்டிக்கும் மஞ்சள் பல்பு எடுத்துக் குடுங்க சாமி,” என்றார். திரும்பி நடக்கப்போனவனை நிறுத்தினார். “மாலை போட்டிருக்கேன் சாமி. இப்ப ஒண்ணும் பேசக் கூடாது. மாலையக் கழட்டிட்டு வாரேன்.”

எட்டுப் பல்பையும் நானே ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்துக் கொடுத்தேன். தை பிறந்தது. மாலை கழற்றியவர்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். வெள்ளை வேட்டியில் யார் படியேறினாலும் முகத்தை உற்றுப் பார்த்தேன். வரட்டும், நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோலக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அதன்பிறகு இன்னும் நாலு வருஷம் அதே கவுண்டரில் நின்றேன். அவர் வரவே இல்லை.