மகளுக்குத் துணையாக மேட்டூர் போனது

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவது அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. இதற்கு மாத்திரை கிடையாது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்க வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்கினால் உடனே ஜூஸோ குளுக்கோஸோ குடிக்க வேண்டும். சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே அவள் இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். எனக்குத்தான் ஊசி போடப் பழகப் பல நாள் ஆனது. ஒருவழியாக ஏற்காட்டுக்குத் திரும்பியபோது கஷ்டமெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது.

நல்ல பள்ளிக்கூடம்தான். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. நானும் அங்கேதான் படித்தேன். தலைமை சிஸ்டர் என்னை உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்டு, கண்களை மூடி ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். வகுப்பிலேயே அவள் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் பாட நேரத்திலும் எதையாவது குடிக்க விட வேண்டும். மதியம் அவளே ஊசி போட்டுக்கொள்ளும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

"ஊசி விஷயத்துல எங்க டீச்சருங்க யாருக்கும் பயிற்சி இல்லம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா பொறுப்பு யாரு?"

"அவளே போட்டுக்குவா சிஸ்டர். அளவு சரியா வச்சிருக்காளான்னு பெரியவங்க ஒருத்தர் எட்டிப் பார்த்தாப் போதும்."

"எட்டிப் பார்த்தா அதுவும் பொறுப்புதானேம்மா."

எட்டிப் பார்க்காமல் இருப்பது பொறுப்பில் சேராது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். சிஸ்டர் அதை மரியாதையாக வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார். அவ்வளவு பத்திரமாக வைத்ததால் வகுப்பு டீச்சர் கடைசி வரை அதைப் பார்க்கவே இல்லை.

முடிவாக, மதியம் நானே வந்து ஊசி போட வேண்டும் என்று ஏற்பாடானது. நான் ஒரு காப்பி எஸ்டேட்டின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மேனேஜர் நல்லவர், போய் வரச் சொன்னார். தினமும் மேட்டை ஏறி, சாப்பாட்டு மணி அடிக்கும் முன் பள்ளி கேட்டில் மூச்சு வாங்க நிற்பேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே கேட்பார்.

"ஏனுங்க, பாவக்காச் சாறு குடுத்துப் பாத்தீங்களா?"

மலை முழுக்க அப்போது என் மகளுக்கு வைத்தியம் இருந்தது. மாரமங்கலத்திலிருந்து மிளகு கொண்டுவரும் பெரியவர் சாமைச் சோறு மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் போய்விடும் என்றார். மாதா கோயிலில் எனக்குப் பின்வரிசையில் உட்காரும் அம்மாவுக்கே சர்க்கரை இருந்தது. பூசை முடிந்ததும் கேக் சாப்பிட்டுக்கொண்டே, குழந்தைக்கு இனிப்பைக் கண்ணில் காட்டாதே என்று எனக்குப் புத்தி சொன்னார்.

மற்ற பிள்ளைகள் பார்க்காதபடி, விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில் ஊசி போட இடம் கொடுத்தார்கள். அது பி.டி. சாருடைய அறை. காக்கி நிக்கரும் கழுத்தில் விசிலுமாக, பள்ளியே நடுங்கும் மனிதர். நான் ஊசியை எடுத்ததும் அவர் அவசர வேலை இருப்பவர்போல வெளியே போய்விடுவார். முதலில் நாகரிகம் கருதிப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் கதவு மறைவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

பள்ளி எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். காலை அசெம்பிளியில், நல்ல மழைக்கும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் நடுவில் என் மகளுக்காகவும் ஜெபித்தார்கள். கோ-கோ அணியிலிருந்து எடுத்தார்கள், களைத்துப் போவாளாம். ஆண்டுவிழா நடனத்திலிருந்தும் எடுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வகுப்பில் கதவோரம் தனிப் பெஞ்சு. பிறந்தநாளுக்கு யாரும் மிட்டாய் கொடுக்கக் கூடாது, பென்சில்தான் கொடுக்க வேண்டும் என்று வகுப்பு டீச்சர் சட்டம் போட்டார். இதனால் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என் மகள்மேல் வந்த கோபத்தை எந்த ஜெபமும் தணிக்கவில்லை.

"எல்லாரும் எனக்காக முட்டி போடறாங்கம்மா," என்றாள் ஒருநாள் சாயங்காலம், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "ஆனா எம்பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. ஒட்டிக்குமாம்."

மறுநாளே வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். இளவயதுக்காரர், பிள்ளைகள்மேல் உண்மையிலேயே பாசமுள்ளவர்.

"மிஸ், இது ஒட்டாதுங்க. பிள்ளைங்களுக்கு நீங்க சொன்னாப் போதும். அப்புறம் அவ மிட்டாயும் சாப்பிடலாம். அதுக்குத் தக்கன மருந்து போட்டுக்கலாம்."

"பெத்தவங்க பாசத்துல சொல்றீங்க. நாங்கதான் கண்டிப்பா இருக்கோணுமுங்க."

சொல்லிவிட்டு என் மகளைக் கூப்பிட்டு, "நம்ம சாமிக்கு எல்லாம் நல்லாயிரும்" என்று கொஞ்சிக் கன்னத்தைத் தடவினார். அவர் கை விலகும்வரை என் மகள் தலை குனிந்து பொறுமையாக நின்றாள். வீட்டில் அந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போது மேட்டூர் அணைக்கு ஒருநாள் சுற்றுலா அறிவித்தார்கள். பட்டியலில் மகள் பெயர் இல்லை. அன்று வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அழவில்லை. "நான் மேட்டூரப் பாத்ததே இல்ல, எனக்கு என்ன போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் சிஸ்டரிடம் போய் உட்கார்ந்தேன். சம்மதிக்கும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சரிம்மா. நீங்க கூட வந்தா அனுப்பறோம். உங்க பொறுப்புல."

போருக்குப் போவதுபோல் கிளம்பினேன். இன்சுலின் சூடாகாமல் இருக்கக் குளிர்ப் பை, இரண்டு மெஷின், ஜூஸ் டப்பாக்கள், பிஸ்கட், வாழைப்பழம். ஒரு தாய் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதைப் பள்ளிக்குக் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. சிஸ்டரிடம் ஒரு விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தும், பஸ்ஸில் மலை இறங்கினால் எனக்கு வாந்தி வரும். சேலம் போவதென்றால் வீட்டுக்காரர் பைக்கில்தான் போவேன்.

அந்த வாரம் மழையில் பாறை சரிந்ததால் பெரிய ரோட்டை அடைத்திருந்தார்கள். பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்கியது. நான் என் மகளுக்குப் பக்கத்தில், மடியில் பைகளோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முதல் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கடுத்தவற்றில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாதி வழியில் மகள் என்னைப் பார்த்துவிட்டுக் கணீரென்று சொன்னாள்.

"மிஸ், எங்கம்மாவுக்கு ஒரு கவர் குடுங்க."

அடிவாரம் வருவதற்குள் பஸ்ஸை நான்கைந்து முறை நிறுத்தினார்கள். வகுப்பு டீச்சர் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். டிரைவர் எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள். "பாவம், அவங்களுக்கும் சர்க்கரையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மேட்டூர் பூங்காவில் ஒரு மரத்தடியில் பாயை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் அணையும் பூங்காவும் சேர்ந்து சுற்றின. வகுப்பு டீச்சர் என்னைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும், மிச்சமிருந்த ஒரே பெரியவரிடம் என் மகள் பையோடு போய் நின்றாள். பி.டி. சார் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் ஊசி போட்டுக்கோணும். ஊசியில வச்ச எண்ணு மட்டும் சரியான்னு பாருங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாயில் கிடந்தபடி கையை மட்டும் தூக்கினேன். பாருங்கள் என்பதற்கா, மன்னியுங்கள் என்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை. அவர் குனிந்து எண்ணைப் படித்துவிட்டு, அவள் குத்திக்கொள்ளும்போது அணையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டதும் பிள்ளைகள் வெயிலில் ஓடிப்பிடித்து ஆடினார்கள். என் மகளை ஆடாதே என்று தடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஓடியதை நான் படுத்தபடியே பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் சறுக்குமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் எழுந்தேன். கால் பின்னி மறுபடி வாந்தி எடுத்தேன்.

"நீங்க படுங்க. அங்க சார் போயிட்டாருங்க," என்று டீச்சர் என் தோளை அழுத்தினார்.

என் மகளின் கை நடுங்கியதால் ரத்தச் சொட்டு மெஷினில் செருகும் பட்டையில் படவில்லை. பி.டி. சார்தான் அந்தக் கையைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. பிடித்தார். அவர் கட்டைவிரலிலும் ரத்தம் பட்டது. மெஷின் காட்டிய எண் குறைவு.

"லோ சார். ஜூஸ் குடிச்சிட்டுக் கால் மணி நேரம் பொறுக்கோணும். அப்புறம் திரும்பப் பாக்கோணும்."

கால் மணி நேரம் என்றதும் அந்த மனிதருக்கு உயிர் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்தார். விசில் ஊதி எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்தார்.

"யாரும் பேசப்படாது. இவ ஜூஸ் குடிக்கறா. நேரம் ஓடுது."

அவள் ஸ்ட்ராவில் உறிஞ்சினாள். வகுப்பே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. நேரம் முடிந்ததும் மறுபடி விரலைக் குத்தி, புது எண்ணை அவர் ஓட்டப் பந்தய முடிவைச் சொல்வதுபோல் உரக்கப் படித்தார். எண் ஏறியிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று விலகி உட்கார்ந்த பெண்ணொருத்தி மெஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனக்கும் ஒருமுறை குத்தச் சொல்லிக் கேட்டாளாம். அவர் அவளை அதட்டி உட்காரவைத்தார்.

திரும்பி மலை ஏறும்போது என் நிலைமையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பள்ளி வாசலில் சிஸ்டர் காத்திருந்தார். என் மகள் முதல் ஆளாகக் குதித்து இறங்கினாள். என்னை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். சிஸ்டர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கொழந்த எப்படி இருக்கா சார்?"

"கொழந்த நல்லாருக்குதுங்க சிஸ்டர். அம்மாவத்தான் சமாளிக்க முடியல. அடுத்த தடவ அவங்கள ஊட்லயே உட்டுட்டுப் போயிரலாமுங்க."

அடுத்த வாரம் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். மதியம் பி.டி. சாரே பார்த்துக்கொள்வார், நான் வர வேண்டாம் என்றார். கோ-கோவிலும் சேர்த்துக்கொள்ளச் சார் கேட்டிருக்கிறாராம்.

"பொறுப்பு, சிஸ்டர்?" என்று நான் இழுத்தேன்.

"அதான் ஒரு தடவ நடந்துருச்சேம்மா."

அந்தப் பள்ளியில் எதையும் முதல் தடவை செய்வதற்குத்தான் அனுமதி கிடைக்காது. இரண்டாம் தடவைக்கு அது வழக்கமாகிவிடும். நான் பல மாதம் மேடேறி நடந்து வாங்க முடியாததை ஒரே நாள் வாந்தியில் வாங்கியிருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன். ஆனால் மறுநாள் மதியம் கால் தானாக மேட்டில் ஏறிவிட்டது. கேட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. வாட்ச்மேன் என்னவென்று கேட்டார். சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பினேன். இறங்கும் வழியெல்லாம் பனி மூட்டமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. யாருக்கும் தெரியாது.

மிட்டாய்ச் சட்டம் மட்டும் இன்றுவரை மாறவில்லை. எங்கள் வீட்டில் பென்சில்கள் குவிந்து கிடக்கின்றன.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் மறுபடி அழைப்பு வந்தது. பதறி ஓடினேன். சிஸ்டர் அறை வாசலில் பி.டி. சார் மெஷினோடு நின்றார்.

"நூத்தி முப்பது காட்டுதுங்க, சரியாத்தான் இருக்குது. கணக்குப் பரிட்சை ஆரம்பிச்சதும் லோ-ங்கறா. மூணாந்தடவ இது. எங்கிட்டயே நடிக்கறா."

மகள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைத் தனியே அழைத்துப்போய், இந்த ஒரு சொல்லை மட்டும் பொய்யாகச் சொல்லவே கூடாது, உண்மையாகவே வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொன்னேன். தலையாட்டினாள். அவளை உள்ளே அழைத்து மீதிக் கணக்கை எழுதவைத்தார்கள். அது முடிந்ததும் ஒரு வாரம் கரும்பலகை துடைக்கும் தண்டனை. பெற்றோரும் கொஞ்சம் கண்டிக்க வேண்டும் என்று சிஸ்டர் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டேன். அந்த அறையில் என் மகளைப் பற்றிப் பேசும்போது யாரும் கண் கலங்காதது அதுதான் முதல் முறை.

வெளிப் பெஞ்சில் இன்னொரு அம்மா தன் முறைக்காகக் காத்திருந்தார். கரடியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்.

"உங்க புள்ள என்னுங்க பண்ணுச்சு?"

"கணக்குப் பரிட்சைக்கு டிமிக்கி குடுத்தாளுங்க. உங்க புள்ள?"

"முன்னாடி உக்கார்ற புள்ளயோட சடையக் கத்திரிச்சுட்டா."

நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து கூப்பிடும்வரை இரண்டு பேரும் அவரவர் பெண்ணை நிதானமாகத் திட்டிக்கொண்டிருந்தோம்.