துபாஷ் மாமா எடுத்த அளவு

துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ராயபுரத்தில் அந்த விளக்கமெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு ஆடு, கோழி, காய்கறி, கயிறு என்று கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் துபாஷ், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் என் அம்மாவின் அண்ணன் அப்படி ஒரு துபாஷ்.

எட்டு வயதில் நான் அந்தச் சொல்லுக்கு வைத்திருந்த அர்த்தம் வேறு. 'இல்லை' என்று சொல்லாதவர். ஒரு துபாஷ் ஒருமுறை இல்லை என்றால் போதும், அந்தக் கப்பல் அடுத்த துபாஷிடம் போய்விடும். அதனால் எதைக் கேட்டாலும் மாமாவின் வாய் தானாக 'ஆகட்டும்' என்றுவிடும். வீட்டிலும் அதே கதைதான். பம்பரம் கேட்டாலும் ஆகட்டும், யானை கேட்டாலும் ஆகட்டும். யானை மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஒருநாள் காலை மாமா வியர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்குள் வந்தார். பின்னாலேயே ஆசாரி, தோளில் பலகைகளோடு. மத்தியானத்துக்குள் ஏதோ ஒன்று கப்பலுக்குப் போயாக வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நீளம் எவ்வளவு என்று ஆசாரி கேட்டார். அதைக் கேட்டுக்கொள்ளாமலே வந்திருந்த மாமா முழித்தார். நான் அவர் கண்ணில் பட்டேன். பலகைமேல் கொஞ்சம் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்குக் கட்டில் செய்கிறார்கள்! தம்பியின் உதையை வாங்கிக்கொண்டு ஒரே பாயில் தூங்கியவள் நான். சந்தோஷம் தாங்காமல், எனக்குக் கட்டிலா மாமா என்று கேட்டேன். பழக்கதோஷம், ஆகட்டும் கண்ணு என்றார். ஆசாரி சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கோடு போடாமல் நின்றார்.

"வாணாம் துபாஷு. மன்சு கேக்கல."

மாமா சாக்கட்டியைப் பிடுங்கி, என் தலைக்கு மேலே ஒன்று, பாதத்துக்குக் கீழே ஒன்று என்று தாமே கோடு இழுத்தார். கட்டில் பெரிதாக இருக்கட்டும் என்று நான் காலை எக்கி நீட்டிக்கொடுத்தேன்.

அப்போதுதான் அம்மா ஈரக் கையோடு உள்ளே வந்தாள். அவள் என்னை இழுத்த வேகத்தில் தோள் கழன்றுவிட்டது போலிருந்தது.

"உசுரோட கீற புள்ளைய படுக்கவெச்சி சவப்பெட்டிக்கு அளவு எடுக்கிறியே, உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

மாமா தன் கையிலிருந்த சாக்கட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துப்போயிற்று. கப்பல் துரையின் மகள் காய்ச்சலில் போய்விட்டாளாம், என் வயதுதானாம், இருட்டுவதற்குள் கரையில் அடக்கம் செய்ய வேண்டுமாம். திக்கித் திக்கிச் சொன்னார். துரை கேட்டார், இவரும் ஆகட்டும் என்றுவிட்டார்.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அழுதுகொண்டே முதுகில் இரண்டு வைத்தாள். நான் என்ன பாவம் செய்தேன்? சவப்பெட்டி என்று அம்மா சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் அதெல்லாம் கிழவர்கள் சமாசாரம். என் கட்டில் வேறு.

மறுநாள் மாமா வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"என் கட்டிலை யாருக்கு மாமா குட்த்த?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் தலையைத் தடவ வந்த கையைப் பாதியில் எடுத்துக்கொண்டார்.

"அப்போ எனுக்கு இல்லியா?"

"இல்ல கண்ணு. உனுக்கு இல்ல."

மாமாவின் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். ஒரு கட்டிலை இல்லை என்று சொல்வதற்கு மனுஷன் ஏன் இரண்டு கையையும் எடுத்துச் சாமியைக் கும்பிட்டார் என்று விளங்கவில்லை. வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு டூ விட்டேன்.