மழைக்கோட்டுப் பட்டனும் நாலாம் ஓட்டையும்

புஸ்ஸ்ஸ். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஒரு வண்டி வந்து நின்று காற்றை விடும். அந்தச் சத்தம் போதும் எனக்கு. கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். நான் அக்காவின் இடது உதட்டோரத்தில் போய் நின்றுவிடுவேன்.

அங்கேதான் காற்று கசிந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து வாய் கொப்பளித்திருக்கிறாள். தண்ணீர் இடது பக்கமாக வழிந்து ரவிக்கையை நனைத்திருக்கிறது. முகவாதம். அவள் வாழ்க்கைப்பட்ட சிதம்பரத்திலேயே டாக்டரிடம் காட்டினார்கள். நாளாகும், ஆனால் சரியாகும் என்றார் அவர். அந்த ‘நாளாகும்’ என்ற சொல்லுக்குள் அக்கா குடிபோனாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

அவள் பால்வாடி டீச்சர். மவுத் ஆர்கன் வாசித்துத்தான் அவளுடைய காலை தொடங்கும். அழுதுகொண்டே வரும் பிள்ளைகள், செருப்பைக் கழற்றுவதற்குள் எதற்கு அழுதோம் என்பதை மறந்துவிடுவார்கள். இப்போது ஊதினால் ஒரு சுரத்தோடு பக்கத்துச் சுரங்களும் சேர்ந்து வழிந்தன, கூடவே அந்தப் புஸ். பேச்சிலும் அதுவே. உதடு ஒட்ட வேண்டிய எழுத்தெல்லாம் ஓட்டையாகிவிட்டிருந்தது. என்னைத் ‘தம்ஃபி’ என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் பாதி முகத்தால் சிரித்தாள். கண்ணீர் மட்டும் இரண்டு கண்ணிலும் வந்தது.

“ஃபுள்ளைங்க ஃபயந்துடும்டா. லீவு முடிஞ்சதும் எழுதிக் குடுத்துட்டு வேலைய வுட்டுடுறேன்.”

கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். எனக்கு வைத்தியம் தெரியாது, சங்கீதம் அதைவிடத் தெரியாது, சும்மா உட்காரவும் தெரியாது. பையில் ஒவ்வொரு வாரமும் ஒரு கைவேலை இருக்கும். இளநீர்க்கடை ஸ்ட்ராவை விரல்கணு அளவுக்கு நறுக்கிக்கொண்டு போனேன். அதைச் சுற்றி உதட்டைக் குவித்தால் மவுத் ஆர்கனின் ஒரே ஒரு ஓட்டைக்கு எவ்வளவு வாய் வேண்டும் என்பது பழகும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் நடுக்கோடு போட்டேன், உதடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவளே பார்த்துக்கொள்ள.

“கோணல் என் மூஞ்சியா, உன் கோடாடா?” என்றாள். கோடும் கோணல்தான்.

பிறகு செல்லோ டேப். மவுத் ஆர்கனில் நாலாம் ஓட்டையை விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் ஒட்டி மூடினேன். அக்கா ஊதினாள். ஒரே சுரம், நூல் பிடித்தாற்போல. அவள் கணவர், என் மாமா, தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். “வந்துடுச்சு மச்சான், வந்துடுச்சு!”

அடுத்த வாரம் போனபோது பிய்த்த டேப் உருண்டையாக மேசைமேல் கிடந்தது.

“உதடு மூடலடா. டேஃப்புதான் மூடுச்சு. என்னை ஏமாத்தினியே.”

அவள் உதடு செய்ய வேண்டிய வேலையை நான் டேப்பால் செய்துவிட்டு, கைதட்டியும் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் கேட்டோம். பெரிய பட்டனில் நூல் கோத்து, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்து, மெல்ல இழுக்கச் சொன்னார். உதடு அதை விடாமல் பிடிக்க வேண்டும். அத்தனை பெரிய பட்டன் மாமாவின் மழைக்கோட்டில்தான் இருந்தது. கேட்காமலே அறுத்தேன், வெந்நீரில் போட்டெடுத்து நூல் கோத்தேன். முதல் இழுப்பிலேயே பட்டன் டொப்பென்று என் மடியில் விழுந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். “இன்னா மச்சான், அக்காவும் தம்பியும் தேர் இழுக்கிறீங்களா? நெலைக்கு வர்ற வரைக்கும் வுடாதீங்க.”

அக்கா சிரித்தாள். வைத்த பட்டன் மறுபடி விழுந்தது. “நீங்க வெளிய ஃபோங்க! சிரிக்க வெச்சே கெடுக்குறாரு.”

“அது என் கோட்டுப் பட்டன்தான?” என்றார் மாமா.

“ஆமா மாமா.”

“மழ வந்தா?”

“அதுக்குள்ள அக்கா வாய் மூடிக்கும்.”

“இந்த வீட்டுலயா? கல்யாணமான நாள்லேர்ந்து நானும் பாக்கறேன்.”

வாரங்கள் போயின. பட்டன் ஒரு இழுப்புக்கு நின்றது, பிறகு இரண்டுக்கு. லீவு முடிய ஒரே நாள் இருந்த அந்த ஞாயிறு, நூல் என் விரலில் கோடு பதித்தது, பட்டன் வரவில்லை. அக்கா எழுந்துபோய் மவுத் ஆர்கனை எடுத்துவந்தாள். டேப் இல்லை, ஸ்ட்ரா இல்லை. நாலாம் ஓட்டை. ஒரு சுரம் தனியாக வந்தது. அதன் வாலில், மிகச் சிறியதாக, ஒரு புஸ். நான் கேட்காதது போல இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்னொரு தடவை ஊதினாள், புஸ்ஸோடுதான். பிறகு அதைத் துடைத்து, வழக்கமான டப்பாவில் போடாமல், பால்வாடிக்கு எடுத்துப்போகும் பையில் போட்டாள். மாமா என்னைப் பார்த்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள், அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக. முந்தானை தோளிலேயே இருந்தது. கடலூர் வண்டி வந்து காற்றை விட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

“பட்டனக் குடுக்கா, கோட்டு என் பையிலதான் இருக்கு, நான் தச்சுக் கொண்டாறேன். மாமா பாவம், மழைல நனையப் போறாரு.”

அவள் பட்டன் இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தபடி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை ஒட்டி ஒட்டிச் சொன்னாள்:

“தம்பி, பட்டன் என்கிட்டயே இருக்கட்டும்டா. மாமா கோட்டுக்கு வேற பாத்து வாங்கினு வா.”