இரண்டு தடவை இறந்த அம்மா

தமிழ் பேசாத ஊரில் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பெயர். சட்டைப் பித்தான் நுழையும் ஓட்டைக்கு மெஷினில் நூல் கட்டுவதுதான் காஜா. பதினெட்டு வருடமாக அந்த ஒரே வேலை, ஒன்றுகூடப் பிசகாது. வாயும் அப்படித்தான். அங்கே பேசுகிற மொழியை அவள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. சண்டை போட்டே கற்றுக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை அவளுடைய பெரியம்மா இறந்துபோனாள். மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். விடுப்புப் படிவத்தில் ‘இறந்தவர் என்ன உறவு’ என்ற கட்டத்தில், அவர்கள் மொழியிலேயே, அம்மா என்று எழுதினாள். அம்மா இறந்தால் மூன்று நாள் விடுப்பு உண்டு. பெரியம்மா இருந்த ஊருக்குப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும்.

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்கம்மா ஆறு வருஷம் முன்னாடியே இறந்துட்டாங்களே?”

“அது பெத்த அம்மா சார். இது பெரியம்மா.”

அவர் மொழியில் பெரியம்மாவுக்கென்று தனிச்சொல் இல்லை. பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி, போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரி, எல்லோரையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு விடுப்பும் இல்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். “அம்மாங்கறதை அடிச்சிட்டு எங்க வார்த்தையைப் போடுங்க. மேல பேசி ரெண்டு நாள் வாங்கித் தர்றேன். பொய்த் தகவல்னு பதிவாச்சுன்னா உங்க வேலைக்கே ஆபத்து” என்றார்.

காஜாக்காவுக்குச் சுருக்கென்றது. பெற்றவளும் பெரியம்மாவும் ஒரே அறையில் குடியிருந்து, ஆளுக்கொரு ஷிப்டில் வேலைக்குப் போனவர்கள். யார் வீட்டில் இருக்கிறாளோ அவள் தலைவாரிவிடுவாள், அவளே முதுகில் இரண்டு போடவும் செய்வாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னால் இரண்டு பேரும் போய் நிற்பார்கள். டீச்சர் ஒருத்தியை மட்டும் திட்டினால் மற்றவளுக்கு முகம் தொங்கிப்போகும்.

ஏதோ கையெழுத்து வாங்க வந்திருந்த நூல் வெட்டும் பெண் வேறு மொழிக்காரி. அவள் குறுக்கே புகுந்தாள். “எங்க பாஷையில பெரிய அம்மா, சின்ன அம்மாவெல்லாம் கிடையாது சார். அம்மாவோட அக்கா தங்கச்சி எல்லாருமே அம்மாதான். எனக்கு நாலு பேரு.”

வாசலில் நின்றிருந்த கட்டிங் மாஸ்டர் இன்னொரு மொழிக்காரர். “எங்க வீட்ல பெத்தவளைத் தவிர வேற யாரையாவது அம்மான்னா, அன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது” என்றார்.

அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். காஜாக்கா சிரிக்கவில்லை.

“உங்க பாஷையில அவங்களுக்கு இடம் இல்லைன்னா அதுக்கு எங்க பெரியம்மா என்ன சார் பண்ணுவாங்க? என்னை வளர்த்தவங்களையும் உங்க பக்கத்து வீட்டுக்காரியையும் ஒரே கட்டத்துல நான் உக்கார வைக்க மாட்டேன்.”

அம்மாவை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, தமிழில் பெரியம்மா என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அதிகாரியின் மேசைமேல் எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. ஒரே உறவினர் இரண்டு தடவை இறந்ததாகத் தகவல் கொடுத்தது குற்றமாம். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “இனிமே இப்படி எழுத மாட்டேன்னு கீழே ஒரு வரி எழுதுங்க. இதை நானே கிழிச்சுப் போட்டுடறேன்.”

அவள் பேனாவை வாங்கினாள். கடிதம் கைக்கு வந்தது என்பதற்குக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு வரியை எழுதவில்லை.

“எனக்குச் சித்தி ஒருத்தங்க இருக்காங்க சார்” என்றாள். “நூறு வயசு நல்லா இருக்கட்டும். ஆனா ஒருநாள் இதே படிவத்தைக் கேட்டு வருவேன். அன்னைக்கும் அம்மான்னுதான் எழுதுவேன்.”