கண்ணுக்கு வைத்த பொட்டு

அச்சுவேலிப் பக்கத்துத் தென்னந்தும்புத் தொழிற்சாலையில் பட்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் வேலை. உலர்ந்த தும்பை, பெண்கள் இருந்து கட்டுக் கட்டும் இடத்துக்கு நாள் முழுக்கக் காவிக்கொண்டு போகும் நீண்ட இறப்பர்ப் பட்டி அது. கீழே உருளைகள். ஒன்று இறுகிவிட்டாலும் பட்டி அதில் உரஞ்சிச் சூடேறும். சுற்றவரத் தும்புத்தூள் வேறு. ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அதற்காகத்தான் கடைசி உருளைக்கு மேலே கண் ஒன்று பொருத்தியிருந்தார்கள். நகமளவு கண்ணாடி, அவ்வளவுதான். தூர நின்றே சூட்டை அறியும். அளவு மிஞ்சினால் மணி அடித்துப் பட்டியை நிறுத்தும். அதைக் காலையில் துடைப்பவர் அண்ணை. கூடப்பிறந்தவர் இல்லை, உருளைகளுக்குக் கிரீஸ் போடுகிறவர், பண்டத்தரிப்பிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவார். கண் வருவதற்கு முன் புறங்கையை வைத்துப் பார்த்தே சூடு சொன்னவர்.

ஆயுத பூசையன்று சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. சுவிச்சுக்கு, தராசுக்கு, தும்புக்கட்டைக் குத்தும் ஊசிக்குக்கூடப் பொட்டு வைத்தேன். எங்களைக் காக்கிற கண்ணை விடலாமா? மர வாங்கில் ஏறி நின்று, கண்ணாடியின் நட்டநடுவில் நல்ல தடிப்பாக ஒன்று அப்பினேன். அந்தநேரம் என் மூளை எங்கே மேயப்போனதோ தெரியாது.

"என்ன பிள்ளை, கண்ணுக்கு நாவூறு படாமலோ?" என்று அண்ணை கீழே நின்று சிரித்தார்.

மறுநாள் துணியோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். "சாமிக்கு வைச்சது. துடைக்க மனம் வருகுதில்லை. தானாய் உதிரட்டும்."

"ஓம் அண்ணை, விடுங்கோ" என்றேன்.

அதற்கு அடுத்தநாள் மதியத்துக்குச் சற்று முன் இறப்பர் எரியும் மணம் வந்தது. சுவிச்சுப் பலகையைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது. மணி அடிக்கவில்லை.

"பிள்ளை, மணக்குது. நிப்பாட்டு."

"கண் சும்மா இருக்குதண்ணை. வெளியிலை ஆரோ ரயர் கொளுத்துறாங்கள்."

அவர் நம்பவில்லை. கடைசி உருளைக்குப் போய்ப் பழைய பழக்கத்தில் புறங்கையை நீட்டினார். "ஐயோ, நிப்பாட்டடி!" என்று கத்தினார். நான் சுவிச்சை அடிப்பதற்குள் உருளையின் கீழே தூள் பற்றிவிட்டது. அடுத்த பக்கம் பெண்கள் இருந்தார்கள். நெருப்பு அங்கே போகாமல் எரிந்த தும்பை அண்ணை வெறுங்கையால் வாரி வாரி வெளியே எறிந்தார். மற்றவர்கள் தண்ணீர் ஊற்றி நூர்த்தார்கள்.

புகை அடங்கியதும் மேலே பார்த்தேன். காய்ந்து வெடித்த என் சந்தனம் கண்ணாடியில் அப்படியே இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் பொட்டைக் காட்டி யார் வேலை என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு கிடந்த அண்ணை முந்திக்கொண்டு சொல்லியிருந்தார்: "துடைக்கிறது என்ரை வேலை. நான் துடைக்கேல்லை." யார் வைத்தது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அவரின் வேலை போனது. சீ, என்ன பிறவி நான்!

அடுத்த வருடப் பூசைக்கு முதலாளி அவரையும் கூப்பிட்டிருந்தார். திருநீறும் சந்தனமும் வைத்த தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். திருநீறு எடுக்கக் கை நீட்டினார்; தோல் இழுத்துக்கொண்ட விரல்கள் மடங்கவில்லை.

"நீயே பூசிவிடு பிள்ளை."

பூசினேன். முதலாளியும் மற்றவர்களும் பக்கத்திலேயே நின்றார்கள். இதை விட்டால் சாகும்வரை சொல்லமாட்டேன் என்று பட்டது. "கண்ணிலை பொட்டு வைச்சது நான்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அண்ணை குனிந்து நெற்றியைக் காட்டினார்.

"தெரியும்தானே, நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். சந்தனத்தை வை, காயுது."