மாமி காப்பாற்றிய வெள்ளிக் காசுகள்

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் எங்கள் கிழக்கிலங்கைக் கரையைச் சூறாவளி புரட்டிப் போட்டதை அந்தக் காலத்தில் கல்முனைப் பக்கம் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது மருதமுனையில் திருமணம் முடித்த புதிது. கைக்குழந்தை ஒன்று இருந்தது.

எங்கள் பகுதி வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு, வளவு, கட்டில், அலுமாரி, முற்றத்துத் தென்னை எல்லாமே பெண்ணுடையவை. சம்மாந்துறையிலிருந்து நான் மாப்பிள்ளையாக வந்தபோது என்னுடையது என்று கொண்டுவந்தது ஒரு உடுப்புப் பெட்டியும் ஒரு பிஸ்கட் டின்னும்தான். டின்னுக்குள் இருந்தவை பழைய வெள்ளிக் காசுகள்.

எனக்குச் சாறன், அதாவது கைத்தறி லுங்கி, வியாபாரம். மருதமுனைத் தறிகளில் எடுத்த சாறன்களைக் கட்டிக்கொண்டு பதுளை, மொனராகலை என்று பஸ் ஏறுவேன். போகிற இடங்களிலெல்லாம் நகை செய்பவர்களிடம் போய், உருக்குவதற்கு வைத்திருக்கும் பழைய வெள்ளியைக் கிளறிப் பார்ப்பேன். விக்டோரியா ராணி தலை போட்ட ஐம்பது சதம், கம்பனிக் காலத்து ரூபாய், யானை பொறித்த பழைய இலங்கை ரிக்ஸ் டாலர் என்று கிடைக்கும். ஆனால் கிடைத்ததையெல்லாம் நான் எடுப்பதில்லை. ராணியின் தலைமுடி இழை இழையாகத் தெரிய வேண்டும். யானையின் காது மடிப்பு தேயாமல் இருக்க வேண்டும். புழக்கத்தில் அதிகம் அடிபடாத, உயர்ந்த தரத்துக் காசு மட்டுமே என் டின்னுக்குள் போகும்.

வெள்ளி நாளாக நாளாகத் தானாகவே கறுக்கும். ஓரங்களில் நீலமும் செம்மையும் ஓடும். காசு சேர்ப்பவர்களுக்கு அந்த நிறம் உயிர். தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பு போய்விடும், நுண்ணிய கீறல் விழுந்துவிடும், அதோடு அதன் தரமும் போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தாலும் விளிம்பில் மட்டுமே பிடிப்பேன். இதையெல்லாம் மனைவிக்குச் சொல்லியிருந்தேன். மனைவியின் உம்மாவான மாமிக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

ஏனென்றால் மாமி என்னோடு கதைப்பதில்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதைதான். மாமா என் திருமணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். நான் வீட்டுக்குள் வந்தால் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "மகள், மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமாண்டு கேளு" என்று குரல் வரும். நானும் மனைவியைப் பார்த்தே "ஓம்" என்பேன்.

சூறாவளி அடித்த அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு காற்றின் சத்தம் மாறியது. கொஞ்ச நேரத்தில் கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. கடலுக்கும் எங்களுக்கும் இடையில் சில வளவுகள்தான். "கடல் வருது" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். குழந்தையைச் சாறனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், மாமி அவளுக்குப் பின்னால் வந்தார். பெரிய ரோட்டுப் பக்கம் இருந்த பாடசாலைக் கட்டடத்தைப் பார்த்து ஓடினோம். தென்னைகள் வளைந்து நிலத்தைத் தொட்டன. காசுகளைப் பற்றிய நினைவே எனக்கு வரவில்லை.

பாடசாலைக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால் மாமி இல்லை. மனைவி "உம்மா" என்று கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நிற்க முடியவில்லை. ஒரு மதிலைப் பிடித்துக் குனிந்தபடி நகர்ந்தேன். எதிரே அதே மதிலைப் பிடித்துக்கொண்டு மாமி வந்தார். முக்காடு எங்கோ போயிருந்தது. ஓடு வெட்டி ஒரு கையில் இரத்தம் வழிந்தது. மற்றக் கையால் எதையோ வயிற்றோடு அணைத்திருந்தார்.

"மருமகன், இந்தாங்க உங்கட டின்."

என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "இதுக்கா திரும்பிப் போனீங்க?" என்று கத்தினேன். காற்றில் அது அவருக்குக் கேட்டிருக்காது.

விடிந்து போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் இரண்டு சுவர்கள் நின்றன. மாமியின் பெட்டகத்தைக் காணவில்லை. ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தால் உடுத்தவென்று மடித்து வைத்திருந்த வெள்ளைப் புடவையும், மாமாவின் நினைவாக வைத்திருந்த சட்டையும் அதோடு போய்விட்டன. கைக்கெட்டிய தூரத்தில் தன் பெட்டகம் இருக்க, அவர் எடுத்தது என் டின்னை.

"ஏன் உம்மா அப்படிச் செய்தீங்க?" என்று மனைவி கேட்டாளாம். அதற்கு மாமி சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள்: "இந்த ஊட்டுல கிடக்கிற எல்லாம் நம்மட. அந்த மருமகப் புள்ளைக்கெண்டு இரிக்கிறது அது ஒண்டுதானே. அதுவும் போனா அவருக்கு என்ன மிஞ்சும்?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் ஒரு விருந்தாளி என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அந்த மனுஷிக்கு அது தெரிந்திருக்கிறது.

பாடசாலையிலேயே தங்கியிருந்தோம். ஒரு நாள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். கிணற்றடியில் மாமி உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட கையில் துணிக்கட்டு. முன்னால் பழப்புளியும் அடுப்புச் சாம்பலும். ஒரு துண்டில் என் காசுகள் அத்தனையும் வெயிலில் பளீரென்று மின்னின.

"மருமகன், தண்ணி பூந்து எல்லாம் கறுத்துப் போய்க் கிடந்திச்சி. நல்லாத் தேச்சிக் கழுவி வெச்சிரிக்கன். பாருங்க, புதுசு மாதிரி."

யானைக் காசை எடுத்துச் சரித்துப் பார்த்தேன். நூற்றைம்பது வருடத்து நிறம் முற்றாகப் போயிருந்தது. சாம்பல் இழுத்த கீறல்கள் யானையின் முதுகெல்லாம் ஓடின. ராணியின் கன்னமும் அப்படித்தான். மனைவி சற்றுத் தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் கண்கள் கெஞ்சின.

மாமியின் கைக்கட்டு நனைந்து, மறுபடி இரத்தம் கசிந்திருப்பதை அப்போதுதான் கண்டேன். அந்தக் கையாலா இத்தனையையும் தேய்த்தார்?

"நல்ல வெளிச்சமா இரிக்கி மாமி" என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

மாமி சிரித்தார். அதற்குப் பிறகு கதவுக்குப் பின்னால் போகவும் இல்லை. வீட்டைத் திரும்பக் கட்டிய நாட்களில் கல்லுக்கும் மண்ணுக்கும் என்னோடு நேராகத்தான் கதைத்தார். சாப்பாட்டு நேரம் தவறினால் நேராகவே ஏசினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கண்டியிலிருந்து ஒரு காசு சேகரிப்பாளர் என்னைத் தேடி வந்தார். பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யானைக் காசு வந்ததும் பெருமூச்சு விட்டு, இதைக் கழுவியவன் ஒரு கொலைகாரன் என்று சிங்களத்தில் சொன்னார். வெளி ஆள் வந்திருந்ததால் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற மாமி, "அவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

"காசு நல்லா இரிக்காம் மாமி."

"பின்ன? நான் கழுவாட்டி அவர் இதத் தொட்டும் பாத்திரிக்க மாட்டாரு" என்று பெருமையோடு தேத்தண்ணி ஊற்றப் போனார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு அதைவிட நல்ல தரத்துக் காசுகள் எத்தனையோ என் கைக்கு வந்தன. சிலவற்றை மாற்றினேன், சிலவற்றை விற்றேன். மாமி தேய்த்தவை மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அவர் மௌத்தாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. எனக்கென்று ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று ஒருவர் அந்தக் காற்றுக்குள் திரும்பிப் போயிருக்கிறார். தொழுது முடித்துக் கை ஏந்தும்போதெல்லாம், என்னைப் பெற்றவர்களுக்கு அடுத்து அவர் பெயர்தான் என் வாயில் வருகிறது.